பெட்டிக்குள் அடைக்கப்பட்ட வாத்தியார்

ஒரு விளையாட்டை வாங்கினால் பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஒரு அட்டை, காய்கள், பகடை, விதிமுறைகள் அச்சடித்த ஒரு தாள். அந்தத் தாளை ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார். அரை மணி நேரத்தில் ஆட்டம் களைகட்டிவிடும்.

1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை மாதிரி அச்சடித்த தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி. விலை 10 டாலர். உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். ஆட்டக்களம் கிடையாது, காய்கள் கிடையாது, பகடைகூட கிடையாது! போதாததற்கு, தேவையான பொருட்கள் பட்டியலில் 'செயின்மெயில்' என்ற இன்னொரு விதிப் புத்தகமும், வேறொரு கம்பெனி விற்ற 'அவுட்டோர் சர்வைவல்' என்ற போர்டு கேமும் இருந்தன. அதாவது ஒன்றை வாங்கிவிட்டு இன்னும் இரண்டை வாங்க வேண்டும். கணக்குப் பாடம் படித்த யாரும் இப்படி ஒரு சரக்கை மார்க்கெட்டுக்கு அனுப்பமாட்டார்கள் :-)

அந்தப் பெட்டியின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. உலகின் முதல் ரோல்பிளேயிங் கேமாக விற்பனைக்கு வந்தது அதுதான். முதலில் 1000 பெட்டிகள் தயாரித்தார்கள். டி.எஸ்.ஆர். என்ற புத்தம் புதுக் கம்பெனி. கையாலேயே அடுக்கி, ஒட்டி அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் அத்தனையும் விற்றுவிட்டது. அதைவிட ஆச்சரியம், வாங்கியவர்களில் பலருக்கு அதை எப்படி விளையாடுவது என்றே விளங்கவில்லை என்பது!

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் நடுவர். பின்னாளில் அவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர் வந்தது. மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம் - வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. நடுவர் சொல்வார்: "ஈரமான படிக்கட்டு கீழே இறங்குகிறது. முடிவில் ஒரு இரும்புக் கதவு. என்ன செய்கிறீர்கள்?" ஒருவன், "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்பான். நடுவர் பகடையை உருட்டிவிட்டு, "உள்ளே யாரோ குறட்டை விடுகிறார்கள்" என்பார். அவ்வளவுதான். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஆட்டம் மாதக்கணக்கில் போகும்.

நேரில் பத்து நிமிடம் பார்த்தால் புரிந்துவிடுகிற சமாச்சாரம். ஆனால் காகிதத்தில் எழுதி வைத்தால் புரியாது. இந்த விளையாட்டின் ஐம்பது வருட வியாபாரத் தலைவலி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்று புரிய, அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1960களின் கடைசியில் மினியாபொலிஸ் - செயின்ட் பால் இரட்டை நகரங்களில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடும் ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. 1969இல் அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்து 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார். அதில் ஒவ்வொருவருக்கும் படைக்குப் பதிலாக ஒரு ஆளைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் மாணவர் என்று ஆளுக்கொரு வேடம். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு 1971இல் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை உருவாக்கினார். விதிகளில் பாதி அவருடைய நோட்டில், மீதி அவர் தலைக்குள். ஆட வந்தவர்களுக்கு விதி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. என்ன செய்கிறாய் என்று சொன்னால் போதும், மிச்சத்தை ஆர்னசன் பார்த்துக்கொள்வார்.

1972 கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்குப் போய் கேரி கைகாக்ஸ் என்பவருக்கு இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை 1970இல் இழந்து, வீட்டில் செருப்பு தைத்துப் பழுதுபார்த்துக்கொண்டே போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதிக்கொண்டிருந்த ஆசாமி. மேலே சொன்ன செயின்மெயில் அவரும் ஜெஃப் பெரனும் சேர்ந்து எழுதியது. ஒரே ராத்திரி ஆட்டத்தில் கைகாக்ஸ் விழுந்துவிட்டார். ஆர்னசனிடமிருந்து குறிப்புகளை வாங்கி, தன் மகனையும் மகளையும் உட்காரவைத்து ஆடிப்பார்த்து, விதிகளை எழுதி முடித்தார்.

ஆக, அந்த மூன்று புத்தகங்களை எழுதியவரே புத்தகம் படித்துக் கற்றவர் அல்ல. இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்து கற்றவர். பார்த்துப் பழகியவருக்கு நினைவூட்டுகிற மாதிரிதான் அந்தப் புத்தகங்கள் இருந்தன. ஆட்டத்தின் அடிப்படையான விஷயம், அதாவது ஒருவர் வர்ணிக்கிறார், மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள் என்பது, புதியவருக்குப் புரிகிற மாதிரி முன்னால் எங்கும் இல்லை. 'லெவல்' என்ற ஒரே வார்த்தை வீரனின் தகுதிக்கும், மந்திரத்தின் தரத்துக்கும், பாதாளத்தின் ஆழத்துக்கும் மாறி மாறி வந்தது. படித்தவனுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

தலை சுற்றியவர்களில் ஒருவர் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்தைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே. நண்பரிடமிருந்த பிரதியை வாங்கிப் படித்தார். யோசனை பிரமாதம், விதிகள் மகா குழப்பம் என்று முடிவு கட்டி, 1975இல் தானே ஒன்றை எழுதிவிட்டார். 'டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்' என்று பெயர். விசித்திரப் பகடைகள் எதுவும் வேண்டாம், வீட்டில் இருக்கும் சாதாரண ஆறு முகப் பகடை போதும். 1976இல் இதற்காக ரிக் லூமிஸ் 'பஃபலோ காஸில்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நடுவரே வேண்டாம், நீங்கள் தனியாக ஆடலாம். இந்தக் கதவைத் திறந்தால் இந்தப் பக்கத்துக்குப் போ என்று புத்தகமே சொல்லும். வாத்தியாரை முதன்முதலில் காகிதத்துக்குள் அடைத்தவர் லூமிஸ் என்று தாராளமாகச் சொல்லலாம்.

டி.எஸ்.ஆருக்கோ இந்தப் புத்தி வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியராக இருந்த ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற டாக்டர், தொடக்கக்காரர்களுக்காக இதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று தானாக முன்வந்தார். 1977இல் அவர் தொகுத்த 'பேசிக் செட்' வெளியானது. 48 பக்க நீல நிறப் புத்தகம். முதல் மூன்று லெவல்கள் மட்டும். கடைசியில், பாழடைந்த ஒரு கோபுரத்துக்கு அடியில் ஒரு மாதிரிப் பாதாளம். அப்படியே எடுத்து ஆடலாம். அந்தப் பக்கங்களுக்காகவே ஹோம்ஸுக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்து வந்தது இன்னும் சுவாரசியம். பாதாளத்தை நடுவர்தான் வரைந்து, எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தயாரிக்க வேண்டும். புதியவருக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மைக் கார் என்பவர் எழுதி, 1979 வாக்கில் பேசிக் செட்டோடு சேர்த்துக் கொடுத்த 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' என்ற சாகசப் புத்தகம் ஒரு வழி கண்டுபிடித்தது. அறைகளின் வர்ணனை அச்சில் இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் பூதம் எது, புதையல் எது என்ற இடத்தில் வெறும் கோடு! பின்னால் இருக்கும் பட்டியலைப் பார்த்து நீங்களே பென்சிலால் நிரப்பிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக் கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி :-) வேடிக்கையாகத் தோன்றினாலும், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை நடுவராக்க இதைவிட நல்ல உபாயம் அதற்கு முன் யாரும் செய்யவில்லை.

1979இல் இந்த விளையாட்டின் தலையெழுத்தே மாறியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவர் இந்த விளையாட்டை ஆடியபடி பல்கலைக்கழகத்துக்கு அடியில் இருக்கும் நீராவிக் குழாய்ச் சுரங்கத்தில் தொலைந்திருக்கலாம் என்று ஒரு தனியார் துப்பறிவாளர் சொல்ல, பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. உண்மையில் காரணம் விளையாட்டு இல்லை, அந்த மாணவரின் சொந்தத் துயரங்கள்தான். ஆனால் அதற்குள் நாடு முழுக்க அந்தப் பெயர் தெரிந்துவிட்டது. அதே வருடம் ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய பதிப்பகம் புத்தகக் கடைகளுக்கு இதை விநியோகிக்கவும் ஆரம்பித்தது. வாங்க வந்த கூட்டத்துக்குப் பகடை போதவில்லை! எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு, வெட்டி ஒரு கப்பில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சமாளித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. அதுவரை இதை வாங்கியவர்கள் போர் விளையாட்டுக் கோஷ்டிகள், கல்லூரிக் கிளப்புகள். கேட்டுத் தெரிந்துகொள்ள யாராவது ஒரு சீனியர் இருப்பார். இப்போது வாங்கியது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பிறந்தநாள் பரிசாக அத்தை வாங்கிக் கொடுத்தது. அந்தத் தெருவிலேயே இதை ஆடத் தெரிந்தவர் எவரும் இல்லை. பெட்டி சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் அது பரண் மேல் போகும். ஒரு பெட்டி பரண் மேல் போனால் நஷ்டம் ஒரு ஆள் கணக்கில் நிற்காது. அந்தப் பையன் கற்றிருந்தால் இன்னும் நாலு நண்பர்களைக் கூட்டி வந்திருப்பான், அந்த நாலு பேரும் பின்னால் புத்தகம் வாங்கியிருப்பார்கள்.

1981இல் டாம் மோல்ட்வே புதிதாக எழுதிய பேசிக் செட் வந்தது. 64 பக்கம்தான். ஆனால் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. பாதாளத்தை எப்படி உருவாக்குவது என்று படிப்படியாகச் சொன்னது. மேஜையில் நடக்கும் பேச்சை நாடக வசனம் மாதிரி எழுதிக் காட்டியது. அதில் திருடன் ஒருவன் விஷ ஊசிப் பொறியில் மாட்டி விழுகிறான். கூட வந்த குள்ளன், புதையலை அள்ளுவதற்காக அவனுடைய பையை எடுத்துக்கொள்கிறான்! சாவு சகஜம், நட்பு கொஞ்சம் சந்தேகம் என்று எந்த விதியும் சொல்லாததை அந்த வசனம் சொல்லிவிட்டது.

1983இல் வந்ததுதான் எல்லோரும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் சிவப்புப் பெட்டி. எழுதியவர் ஃபிராங்க் மென்ட்ஸர். மேல் அட்டையில் லாரி எல்மோர் வரைந்த சிவப்பு டிராகன். இதில் மென்ட்ஸர் செய்த காரியம் துணிச்சலானது. விதிகளை முதலில் சொல்லவே இல்லை. புத்தகத்தைத் திறந்ததும் நீங்கள் ஒரு வீரன். புதையலைத் தேடி குகைக்குள் போகிறீர்கள். ஒரு பாம்பு எதிர்ப்படுகிறது. சண்டை போடப் பகடையை உருட்டுங்கள் என்கிறது புத்தகம். நாலு பக்கம் போவதற்குள், அடிபடுவது என்ன, தப்புவது என்ன என்று தெரிந்துவிடுகிறது. வழியில் அலீனா என்ற பெண்ணைச் சந்திக்கிறீர்கள். காயத்தை ஆற்றுகிறாள், கூட வருகிறாள், நாலு விஷயம் சொல்லித்தருகிறாள். பிறகு பார்கிள் என்ற மந்திரவாதி வருகிறான். மந்திர அம்பு விட்டு அவளைக் கொன்றுவிடுகிறான். எப்படி உருட்டினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அந்தத் தலைமுறை ஆட்கள் பார்கிள் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றால், பாடம் எப்படி இறங்கியிருக்கிறது பாருங்கள். அந்த அலீனாதான் பெட்டிக்குள் அடைத்த வாத்தியார். பக்கத்தில் நடந்து வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, மாணவனைத் தனியாக விட்டுப் போய்விடுகிறாள்.

இதிலும் ஒரு குறை உண்டு. அலீனா சொல்லிக்கொடுப்பது ஆட வருபவனுக்கு; நடுவராக இருக்க வேண்டியவனுக்கு அல்ல. அவனுக்கு இன்னொரு புத்தகம் இருந்தது. அதில் ஒரு கோட்டை. முதல் தளத்தை முழுக்க எழுதிக் கொடுத்து, போகப் போக எழுதியதைக் குறைத்து, கடைசியில் நீயே செய் என்று விட்டிருந்தார் மென்ட்ஸர். நல்ல திட்டம்தான். ஆனாலும் நாலு பேரின் வாயைப் பார்த்து, யாருக்குச் சலிக்கிறது, யார் பேச வெட்கப்படுகிறான் என்று கண்டுபிடித்து ஆட்டத்தை நகர்த்துவதை எந்தப் புத்தகம் சொல்லித்தரும்?

மற்ற நாடுகள் இதே சிக்கலுக்கு அவரவர் பாணியில் விடை தேடின. இங்கிலாந்தில் 1975இல் வெறும் ஆறு பெட்டிகளை ஆர்டர் செய்து, அதோடு ஐரோப்பா முழுவதற்கும் மூன்று வருட விநியோக உரிமையையும் வாங்கிய இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்சனும், 1982இல் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மௌன்டன்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். 400 பத்திகள், இரண்டு பகடை, ஒரு பென்சில். பஃபலோ காஸிலின் அதே உத்தி. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டுகிற பேப்பர்பேக். ஜெர்மனியில் 1984இல் உல்ரிச் கீசோ எழுதிய 'தாஸ் ஷ்வார்ட்சே ஆகே' வந்தது. அதன் நடுவருக்கான பெட்டியில் அணிந்துகொள்ள ஒரு முகமூடியே வைத்திருந்தார்கள். முகமூடி போட்டால் நடுவருக்குத் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஜப்பான்காரர்கள் பிடித்த வழிதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம். 1986இல் 'கம்ப்டீக்' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையில், ஒரு குழு ஆடிய ஆட்டத்தின் பேச்சை எழுத்தாக்கித் தொடராகப் போட்டார்கள். ஜோக், சண்டை, தப்பான பகடை எல்லாம் அதில் உண்டு. நடுவர் ரியோ மிசுனோ. விதி தெரியாதவரும் தொடர்கதை மாதிரி படித்தார்கள். படிக்கப் படிக்க ஆடுவது எப்படி என்று தெரிந்துகொண்டார்கள். அந்தத் தொடர்தான் பின்னால் நாவலாகி, அனிமேஷனாகி 'ரெகார்ட் ஆஃப் லோடோஸ் வார்' என்று புகழ்பெற்றது. 1989இல் வந்த 'ஸோர்ட் வேர்ல்ட்' பாக்கெட் சைஸ் புத்தகமாக, ஆறு முகப் பகடையோடு நின்றது. அங்கே பிள்ளைகளை இழுத்தது பெட்டி அல்ல, அடுத்தவர் ஆடுவதைப் பார்த்த ஆசை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1985இல் கைகாக்ஸ் தன் சொந்தக் கம்பெனியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1991இல் கறுப்புப் பெட்டி ஒன்று. பாடங்களை அட்டை அட்டையாகப் பிரித்து, கிட்டத்தட்ட டுடோரியல் காலேஜ் நோட்ஸ் மாதிரி. மோசமில்லை. ஆனால் 1993இல் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டு வந்துவிட்டது. இரண்டு பேர் போதும், நடுவர் வேண்டாம், மதிய இடைவேளையில் ஆடி முடிக்கலாம். நடுவரைத் தயாரிக்கும் தொல்லையே இல்லாத விளையாட்டு! டி.எஸ்.ஆர். மூழ்கியதற்குக் கடன், தேவைக்கு மீறிய தயாரிப்பு என்று வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் 1997இல் அதை விலைக்கு வாங்கியது மேஜிக் சீட்டுகளை விற்ற அதே விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனிதான் என்பது கொஞ்சம் கசப்பான தமாஷ். 1999இல் விசர்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

இடையில் வந்த பெட்டிகளை விட்டுவிடலாம். 2010இல் அதே எல்மோர் டிராகன் படத்தைப் போட்டு ஒரு சிவப்புப் பெட்டி விட்டார்கள். பழைய ஆட்களின் கண்ணைக் கலங்கவைத்ததோடு சரி.

2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் வேறு ரகம். ஏற்கெனவே தயாரித்த ஐந்து கதாபாத்திரங்கள், 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்' என்ற ஒரு சாகசம், பகடை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். முதல் சண்டையில் நடுவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. போகப் போகக் கையை விடுகிறது. மென்ட்ஸரின் பழைய உத்திதான், ஆனால் இந்த முறை நடுவருக்காக.

இருந்தும், 2015 மார்ச்சில் நடந்ததை எந்தப் பெட்டியாலும் மிஞ்ச முடியவில்லை. கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் சிலர் 'கிரிட்டிகல் ரோல்' என்ற பெயரில் தங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார்கள். மணிக்கணக்கில் ஓடும் அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 1972இல் ஆர்னசன் கைகாக்ஸுக்குக் காட்டியதை இப்போது எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. ஜப்பான்காரர்கள் முப்பது வருடம் முன்பே எழுத்தில் செய்தது. அடுத்த வருடம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் காட்சிகளிலேயே நாலு பையன்கள் இதை ஆட, மிச்சமிருந்தவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் புதுத் தொல்லையும் கூடவே வந்தது. நிகழ்ச்சியின் நடுவர் மேத்யூ மெர்சர் தொழில்முறைக் குரல் நடிகர். அவரைப் பார்த்துவிட்டு வருகிற புதியவர், நண்பன் வீட்டு மேஜையிலும் அதையே எதிர்பார்ப்பார். நடுவராக உட்கார்ந்த பையனோ, என்னால் இந்த மாதிரி முடியாது என்று எழுந்து போய்விடுவான். இதற்கு 'மெர்சர் எஃபெக்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் முன்பு, எப்படி ஆடுவது என்று தெரியாமல் பெட்டியை மூடினார்கள். இப்போது, நன்றாக ஆடினால் எப்படி இருக்கும் என்று தெரிந்ததால் மூடுகிறார்கள். 2019இல் வந்த 'எசென்ஷியல்ஸ் கிட்' பெட்டி, ஒரு நடுவர் ஒரே ஒரு ஆட்டக்காரர் போதும் என்று வழி செய்து கொடுத்தது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் புது நடுவருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

2025 செப்டம்பரில் இன்னொரு ஸ்டார்ட்டர் செட் வந்தது. கதாபாத்திரம், சாமான் எல்லாம் சீட்டுகளாக, கிட்டத்தட்ட போர்டு கேம் மாதிரி. அதற்கு எடுத்துக்கொண்ட கதை, 1980இல் பேசிக் செட் பெட்டிக்குள் இருந்த கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'தான்.

அதற்கும் முந்தைய மைக் காரின் புத்தகம் இன்று பழைய சரக்குச் சந்தையில் கிடைக்கிறது. பெரும்பாலான பிரதிகளில் அந்தக் கோடிட்ட இடங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன. கோணல்மாணல் எழுத்தில் பூதங்களின் பெயர், அடித்துத் திருத்திய புதையல் கணக்கு. சேகரிப்பவர்கள் அந்தப் பிரதிகளுக்கு விலை குறைத்துத்தான் கொடுப்பார்கள். பென்சில் படாமல், யாரும் ஆடாமல் சுத்தமாக இருக்கும் பிரதிக்குத்தான் கூடுதல் விலை.